மூன்று மகள்களைப் பறிகொடுத்தவர்: லூயி பாஸ்டரின் வாழ்க்கை

எல்லாப் புகழும் இறைவனுக்கே.

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சங்கத்தை நிறுவிய முன்னோடிகளைப் பற்றி எழுத எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நம் ஊரையோ நம் சமுதாயத்தையோ சேராத, ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்மை செய்துவிட்டுப் போன ஒருவரை எடுத்துக்கொண்டோம். அவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர்.

இதை எழுதும் நாங்கள் மருத்துவர் அல்லர். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கியதோடு படிப்பு நின்றது. அதன்பின் பினாங்கில் அத்தா நடத்திய மளிகைக் கடைதான் எங்கள் பள்ளிக்கூடம். பிறகு ஏன் பாஸ்டர்? அதற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு மூத்தது ஒரு பெண்பிள்ளை. பதினோராம் மாதத்தில் சளியும் காய்ச்சலும் கண்டு, மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் தக்கவில்லை. நிமோனியா என்றார்கள். எந்தக் கிருமி என்று அத்தாவும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. நாங்கள் பிறந்தது அதற்குப் பிறகு. பார்க்காத அந்த அக்காவுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று அம்மா இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி ஒரு பிள்ளையை மையவாடிக்குக் கொடுத்த வீடுகள், முந்தைய தலைமுறையில் கொஞ்சமல்ல. அந்த வீடுகளுக்கு பாஸ்டரின் கதை அந்நியமாக இருக்காது.

தோல் பதனிடுபவரின் மகன்

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப்பகுதியைச் சேர்ந்த டோல் என்ற ஊரில் பாஸ்டர் பிறந்தார். தந்தை ழான் ஜோசப், நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். படையிலிருந்து வந்தபின் தோல் பதனிடும் தொழில் செய்தார். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உறவுக்காரர்கள் உள்ளவர்களுக்கு அந்தத் தொழிலின் வாடையும் உழைப்பும் தெரியும். ஆர்புவா என்ற சிற்றூரில், தோல் ஊறும் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான் பாஸ்டர் வளர்ந்தார்.

சிறுவயதில் அவர் படிப்பில் சூரர் அல்லர். படம் வரைவதில்தான் கெட்டிக்காரர்; தாய் தந்தையரையும் ஊராரையும் வண்ணச் சுண்ணத்தால் அச்சாக வரைந்திருக்கிறார். 15 வயதில் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார்கள். வீட்டு நினைவு தாங்காமல் வாடிப்போனார். தந்தையே போய் அழைத்துவர வேண்டியதாயிற்று. கல்லூரிக்கு முந்தைய அறிவியல் தேர்வில் வேதியியலில் சுமாரான மதிப்பெண்தான் வாங்கினார். பாரிசின் பெயர்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரிக்குத் தேறியும், வரிசையில் கீழே இருக்கிறோமே என்று சேராமல் விட்டார். மறுவருடம் திரும்ப எழுதி, மேலே வந்தபின்தான் சேர்ந்தார். தேர்வு முடிவைப் பார்த்துச் சோர்ந்துபோகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

1849-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மரி லோரான் என்பவரை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதுவதும், ஆய்வுக் குறிப்புகளைப் படியெடுப்பதும் அந்த அம்மையாரின் அன்றாட வேலையாயின. அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்: நான்கு பெண், ஓர் ஆண்.

ஒரு தந்தையின் துயரம்

1854-இல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பாஸ்டர் துறைத்தலைவரானார். அந்த ஊரில் பீட்ரூட் சாற்றைப் புளிக்கவைத்துச் சாராயம் எடுக்கும் ஆலைகள் இருந்தன. சாறு அடிக்கடி கெட்டுப்போய் நட்டம் வருகிறதே என்று ஓர் ஆலைக்காரர் வந்து கேட்டார். பாஸ்டர் அந்தச் சாற்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நன்றாகப் புளித்ததில் ஒருவகை நுண்ணுயிர், கெட்டுப்போனதில் வேறுவகை. பொருள் தானாகக் கெடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் புகுந்து கெடுக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். இதமான சூட்டில் வைத்தால் அந்த உயிர்கள் அழியும் என்பதும் பின்னாளில் அவர் காட்டியதே. எங்கள் கடைக் குளிர்ப்பெட்டியில் இருக்கும் பாலில் பாஸ்சரைஸ்டு என்று அச்சடித்திருக்கிறதே, அது அவருடைய பெயர்தான்.

இந்த ஆய்வுகள் நடந்த காலத்தில்தான் அவர் வீட்டில் இடி விழுந்தது. 1859-இல் மூத்த மகள் ழான், ஒன்பது வயதில், டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள்.

1865-இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்களுக்கு ஒரு நோய் பரவிப் பட்டுத்தொழில் சரிந்தது. அரசு பாஸ்டரை அனுப்பியது. பட்டுப்புழுவைப் பற்றி அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அங்கே வேலையைத் தொடங்கிய அதே ஆண்டில் தந்தை இறந்தார். சில மாதங்களில் இரண்டு வயது மகள் கமீல் இறந்தாள். மறு ஆண்டு 12 வயது செசீல், அக்காவைக் கொண்டுபோன அதே டைபாய்டில் போனாள். ஏழு ஆண்டுகளில் மூன்று மகள்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவர் வேலையை நிறுத்தவில்லை. பட்டுப்பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்து, நோயுற்றவற்றின் முட்டைகளைக் கழித்து, நல்ல முட்டைகளை மட்டும் பொரிக்கவிடும் முறையை உருவாக்கினார். 1868-இல், 45 வயதில், வாதம் தாக்கி இடப்பக்கம் விழுந்துவிட்டது. பிழைத்தாலும் இடக்கையும் இடக்காலும் முன்போல் வரவில்லை. உலகம் இன்று கொண்டாடும் அவருடைய தடுப்பூசிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. பாதி உடம்போடு செய்த வேலை அது.

பழைய குப்பி கற்றுத்தந்த பாடம்

தடுப்பு முறை பாஸ்டருக்கு முன்பே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல் நகரப் பெண்கள், லேசான பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்து, நலமான பிள்ளைகளின் தோலைக் கீறி வைப்பார்கள். இங்கிலாந்துத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு அதைக் கண்டு, தம் மகனுக்கும் அங்கேயே செய்துகொண்டார். 1796-இல் எட்வர்ட் ஜென்னர், பெரியம்மைக்குப் பதிலாக ஆபத்தில்லாத மாட்டம்மையைக் குத்தி அதே பலனைக் கண்டார். நம் நன்னிமார்கள் அம்மை குத்துவது என்று சொன்னது இதைத்தான். ஆனால் அது ஒரே ஒரு நோய்க்கான மருந்து. மற்ற நோய்களுக்கு வழி தெரியவில்லை.

வழி தெரிந்தது ஒரு பழைய குப்பியால். 1879-இல் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் கோழிகளைக் கொல்லும் ஒரு கிருமியை வளர்த்துவந்தார்கள். கோடை விடுமுறையில் சில குப்பிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்தப் பழைய சரக்கைக் கோழிகளுக்குச் செலுத்தியபோது அவை நோயுற்றாலும் சாகவில்லை. பிறகு வீரியமான புதிய கிருமியைச் செலுத்தியும் அதே கோழிகள் பிழைத்துக்கொண்டன. கடையில் பழைய சரக்கென்றால் நாங்கள் குப்பையில் போடுவோம். பாஸ்டர் அதிலிருந்து ஒரு சட்டத்தையே கண்டார்: கிருமியை வலுவிழக்கச் செய்து கொடுத்தால், உடம்பு அதனோடு பழகிக்கொண்டு, அசல் கிருமி வரும்போது எதிர்த்து நிற்கும்.

1881 மே மாதம், மெலான் நகருக்கு அருகே பூயி ல போர் என்ற பண்ணையில் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சோதித்தார்கள். ஆந்த்ராக்ஸ் நோய்க்கு எதிராக 25 ஆடுகளுக்குத் தடுப்பூசி, 25 ஆடுகளுக்கு எதுவுமில்லை. மே 31-ஆம் நாள் ஐம்பதுக்கும் வீரியமான கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2-ஆம் நாள் கூட்டம் கூடியபோது தடுப்பூசி போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. போடாதவை செத்துக் கிடந்தன, அல்லது சாகும் நிலையில் இருந்தன. அதே ஆகஸ்டில் லண்டன் மருத்துவ மாநாட்டில், ஜென்னரை மதிக்கும் வகையில், மாட்டம்மைக்கு மட்டும் வழங்கிவந்த வாக்சினேஷன் என்ற சொல்லை எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொதுவாக்கினார் பாஸ்டர். அரபியில் பேசினாலும் மலாயில் பேசினாலும் இன்று உலகம் நோய்த்தடுப்பு என்று சொல்லும்போது அந்த மாநாட்டின் நிழல் அதில் உண்டு.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாஸ்டர் தம் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்டவேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தார். 20-ஆம் நூற்றாண்டில் அவை வெளியே வந்தபோது, அந்தப் பண்ணையில் பயன்பட்ட மருந்து அவர் ஊருக்குச் சொல்லிவந்த முறையில் செய்ததல்ல, அவருடைய உதவியாளர் சாம்பர்லான் வேறு முறையில் செய்தது என்று தெரிந்தது. பெரிய மனிதரும் மனிதர்தான். ஆடுகள் பிழைத்தது உண்மை. பாராட்டில் உதவியாளருக்கு உரிய பங்கு போகவில்லை என்பதும் உண்மை.

எச்சிலில் கண்ட எட்டு

இனி சொல்லப்போவது பாஸ்டரின் வாழ்க்கையில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு பக்கம். எங்களை எழுதவைத்ததும் அதுதான்.

1880 டிசம்பரில், பாரிசிலுள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், வெறிநாய் கடித்த ஒரு சிறு குழந்தை இறந்துபோனது. வெறிநாய்க்கடி நோயின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த பாஸ்டருக்குச் செய்தி வந்தது. அந்தக் குழந்தையின் எச்சிலைச் சேகரித்து முயல்களுக்குச் செலுத்தினார். இரண்டு நாளுக்குள் முயல்கள் செத்தன. அவற்றின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், இரண்டு புள்ளிகள் சேர்ந்து எட்டு என்ற எண் போல ஒரு கிருமி. அதைச் சுற்றி வெளிச்ச வளையம் போல ஓர் உறை.

வெறிநாய்க்கடிக் கிருமி அகப்பட்டுவிட்டதோ என்று தோன்றியது. ஆனால் பாஸ்டர் அவசரப்படவில்லை. வேறு நோய்களில் இறந்த குழந்தைகளின் எச்சிலைப் பார்த்தார், அதிலும் இருந்தது. நலமாக நடமாடும் பெரியவர்களின் எச்சிலிலும் இருந்தது. அப்படியானால் இது நாய்க்கடிக் கிருமியல்ல என்று முடிவு செய்தார். 1881 ஜனவரியில் கண்டதை அறிவித்துவிட்டுத் தம் தேடலைத் தொடர்ந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தம்முடைய எச்சிலிலேயே அதைக் கண்டிருந்தார்.

அந்தக் கிருமியின் பெயர் இன்று நியூமோகாக்கஸ். நிமோனியாவுக்கு முக்கியக் காரணம் அதுவே என்பதை 1880-களின் நடுவில் ஆல்பர்ட் பிராங்கெல் முதலிய ஜெர்மன், ஆஸ்திரிய மருத்துவர்கள் நிறுவினார்கள். நெஞ்சில் இறங்கினால் நிமோனியா, மூளையின் உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து, காதில் தங்கினால் சீழ்.

மூன்று மகள்களை இழந்த தந்தை, அவர்களை இழந்த பிறகு, உலகெங்கும் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு கிருமியைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தேடியது வேறு. அவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒருவர் ஆயுளில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது.

ஒன்பது வயதுப் பிள்ளை

அவர் தேடிய மருந்து 1885-இல் கைகூடியது. நோயுற்ற முயலின் முதுகுத்தண்டைக் காயவைத்து, அதன் நஞ்சை நாளுக்கு நாள் குறைத்துச் செய்த மருந்து அது. ஜூலை 6-ஆம் நாள் அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய், வெறிநாய் பல இடங்களில் கடித்த தம் ஒன்பது வயது மகன் ஜோசப் மெய்ஸ்டரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். இறந்த மகள் ழானின் வயதும் ஒன்பதுதான்.

பாஸ்டர் மருத்துவர் அல்லர். ஊசி போடும் உரிமை அவருக்கில்லை. மருத்துவர்களைக் கலந்துகொண்டபின் கிராஞ்சே என்ற மருத்துவர் பதின்மூன்று ஊசிகளை நாள்தோறுமாகப் போட்டார். அந்த நாட்களில் பாஸ்டருக்குத் தூக்கமில்லை. பிள்ளை பிழைத்தான். எல்லோரும் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கடிபட்டு 37 நாட்கள் கழித்துக் கொண்டுவந்த லூயிஸ் பெல்லத்தியே என்ற பத்து வயதுச் சிறுமி இறந்தாள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும், பெற்றோரின் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் ஊசி போடச் செய்தார் அவர்.

இஸ்தான்புல்லும் குன்னூரும்

செய்தி பரவியதும் உலகெங்கிலுமிருந்து நன்கொடை வந்தது. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பாஸ்டருக்கு மஜீதிய்யா விருதும், கட்டவிருக்கும் நிறுவனத்துக்கு நன்கொடையும் கொடுத்தனுப்பினார். சோரோஸ் பாஷா, ஹுசைன் ரெம்ஸி, ஹுசைன் ஹுஸ்னு ஆகிய மூவரைப் பாரிசுக்கு அனுப்பி அந்த மருத்துவத்தைக் கற்றுவரவும் செய்தார். அவர்கள் திரும்பியதும் 1887-இல் இஸ்தான்புல்லில் வெறிநாய்க்கடிச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் அந்த நகரத்துப் பெண்களிடமிருந்து ஐரோப்பா கற்றது. பிறகு அந்த நகரத்து மருத்துவர்கள் ஐரோப்பாவிடம் போய்க் கற்றார்கள். கல்விக்கு இரண்டு பக்கமும் கதவுண்டு.

1888 நவம்பரில் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டுக்கும் அதன் கிளைவழி வந்தது. நீலகிரி மலையில் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இன்றும் இருக்கிறது. நாய்க்கடி மருந்தும், பிறகு குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்தும் அங்கே தயாராகி நம் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போயிருக்கின்றன.

கத்தோலிக்கக் கிறிஸ்தவராக வாழ்ந்த பாஸ்டர், 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், 72 வயதில், பாரிசுக்கு அருகே மறைந்தார். அவருடைய நிறுவனத்தின் அடித்தளத்திலேயே அவர் அடக்கமாகியிருக்கிறார்.

அவர் விட்ட இடத்திலிருந்து

அந்த எட்டு வடிவக் கிருமியின் கதை அவரோடு முடியவில்லை. பாரிஸ் நிறுவனத்தைப் பார்த்து நியூயார்க்கில் எழுந்த ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில், ஆஸ்வால்ட் ஏவரி என்பவர் தம் உழைப்பில் பெரும்பகுதியை நியூமோகாக்கஸுக்கே கொடுத்தார். பாஸ்டர் கண்ட அந்த வெளிச்ச வளையம் ஒருவகைச் சர்க்கரையாலான மேலுறை. உறையின் அமைப்பை வைத்து இந்தக் கிருமியில் நூறு வகைக்கு மேல் இன்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அந்த உறையிலிருந்து செய்த 14 வகைத் தடுப்பூசி 1977-இல் வந்தது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் அதற்காகப் பாடுபட்டவர். ஆனால் அது பெரியவர்களுக்குத்தான் பயன்பட்டது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உடம்புக்கு வெறும் சர்க்கரை உறையை எதிரி என்று இனங்காணத் தெரியாது. அதிக ஆபத்தில் இருப்பதோ அந்தக் குழந்தைகள்தான்.

வழியை ஏவரியும் அவருடைய தோழர் கோபலும் 1930-ஐ ஒட்டியே முயல்களில் காட்டியிருந்தார்கள். சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் உடம்பு அடையாளம் கண்டுகொள்கிறது. பெயர் தெரியாத சரக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெரிந்த கடையின் சீட்டை ஒட்டி அனுப்பினால் உடனே பிரித்துப் பார்ப்பார்கள், அதுபோல. அந்த முறையில் செய்த ஏழு வகைத் தடுப்பூசி 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வந்தது. பாஸ்டர் அந்தக் குழந்தையின் எச்சிலை எடுத்து 120 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பலன் என்ன? கிருமி இரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்த கடும் நோய், அமெரிக்காவில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் 1998, 1999 ஆண்டுகளில் சுமார் 99 பேருக்கு வந்துகொண்டிருந்தது. 2008-இல் அது சுமார் 21 ஆகக் குறைந்தது. தடுப்பூசியில் சேர்த்த ஏழு வகைகளால் வரும் நோயோ ஏறக்குறைய இல்லாமலே போனது. சேர்க்காத சில வகைகள் இடம் பிடிக்கப் பார்த்ததால் 10 வகை, 13 வகை ஊசிகள் அடுத்து வந்தன. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது. உலகெங்கும் இந்தக் கிருமியால் இறக்கும் சிறு குழந்தைகளின் எண்ணிக்கை 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வரிசையில் இடைவெளி விடாமல்

எங்களை வியக்கவைத்தது இன்னொன்று. அமெரிக்காவில் ஊசி போட்டது குழந்தைகளுக்கு; ஆனால் ஊசி போடாத தாத்தா பாட்டிகளுக்கும் நோய் குறைந்தது. காரணம், பாஸ்டர் அன்றே கண்டதுதான். இந்தக் கிருமி நலமானவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். அதிகமாகச் சுமப்பவர்கள் சிறு பிள்ளைகள். பேரன் மடியில் உட்கார்ந்து தும்மினால் அது நன்னாவுக்குப் போகும். ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையில் அந்த வகைகள் தங்குவது குறைகிறது. அதனால் அவன் கொடுப்பதும் குறைகிறது.

ஜமாஅத் தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து, இடைவெளி விடாமல் நிற்கச் சொல்லி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். தடுப்பூசியும் அப்படித்தான். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைக்குப் போட்டால் வரிசை நிறையும். கிருமி நுழைய இடம் கிடைக்காது. ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடாமல் நாம் யாரும் விமானம் ஏறுவதில்லை. லட்சக்கணக்கான பேர் கூடும் இடத்தில் நம்மால் பிறருக்கும் பிறரால் நமக்கும் நோய் வரக்கூடாது என்பதுதானே அதன் நோக்கம்?

தயக்கம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊசி போட்ட இடம் வீங்குமே, காய்ச்சல் வருமே என்கிறார்கள். ஒன்றிரண்டு நாள் வரத்தான் செய்யும். போட்டாலும் நிமோனியா வருகிறதே என்கிறார்கள். நிமோனியாவுக்கு வேறு கிருமிகளும் உண்டு. இந்த ஊசி எல்லாவற்றையும் தடுக்காது. ஆனால் மிகக் கொடிய எதிரிகளில் ஒன்றைத் தடுக்கும். ஹலாலா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கைப்பேசியில் வரும் செய்திகளிடம் கேட்காமல், ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் நேரில் கேட்டுத் தெளிவதே முறை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பது நாம் சிறுவயதில் மதரசாவில் படித்த பாடம்.

மூன்று கட்டங்கள்

எங்கள் மூத்த மகன் பிறந்தபோது இந்த ஊசி மலேசிய அரசுத் திட்டத்தில் இல்லை. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். கடையில் அப்போது வியாபாரம் மந்தம். அடுத்த மாதம் பார்க்கலாம், அதற்கடுத்த மாதம் பார்க்கலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் காலை, தாம் சேர்த்துவைத்திருந்த ரிங்கிட் நோட்டுகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில், எங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குப் போனோம்.

2020 டிசம்பரிலிருந்து இந்த ஊசி மலேசிய அரசு கிளினிக்குகளில் குழந்தைகளுக்கு இலவசம்; அந்த ஆண்டு ஜனவரி முதல் பிறந்த பிள்ளைகளுக்கு இது உண்டு. நான்காம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, பதினைந்தாம் மாதம் ஒன்று. பலர் முதல் இரண்டைப் போட்டுவிட்டு, பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். இதைப் படிக்கும் இளம் பெற்றோர், மலரை மூடிவைத்ததும் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கட்டம் காலியாக இருந்தால் கிளினிக்குப் போய்க் கேளுங்கள்.

எங்கள் இளைய மகளுக்கு மூன்றாவது ஊசி போட அம்மாதான் அழைத்துப் போனார். தாதி புத்தகத்தில் தேதியை எழுதித் தந்ததும், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். அவர் யாரை நினைத்திருப்பார் என்று நாங்கள் கேட்கவில்லை.

தம் பிள்ளைகளைக் காக்க முடியாமல் போன ஒரு தந்தையின் உழைப்பும், அவருக்குப் பின் வந்த எத்தனையோ பேரின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சிறு கட்டத்தில் எழுதிய தேதி. நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான். தேடியவர்களுக்கு அதைக் காட்டவும் செய்தான். நம் சங்கம் நூற்றாண்டு விழாக் கொண்டாடும் நாளில், பிள்ளையை மையவாடிக்குத் தூக்கிப் போன நினைவு எந்த வீட்டிலும் இல்லாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.